திருகோணமலை வீடுகளில் இருக்கும் நீலப்பூப் பீங்கான்கள் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவையா?

வாசகர் கேள்வி – 2024 பெப்ரவரி 4

எங்கள் அம்மம்மா வீட்டில் நீலப்பூப் போட்ட பீங்கான் ஒன்று மூன்று தலைமுறையாக இருக்கிறது. அது ஒல்லாந்தர் காலத்தில் கோட்டையிலிருந்து வந்தது என்று வீட்டார் சொல்வார்கள். இந்த ஊரில் இப்படிப் பல வீடுகளில் உண்டு. இவற்றை ஒன்றுசேர்த்து, டொக்யார்ட் வீதியில் அருங்காட்சியகமாக இருக்கும் பழைய ஒல்லாந்தர் மாளிகையில் ஓர் அறையை ஒதுக்கி வைக்கக் கூடாதா? நெதர்லாந்தில் ஒரு பழைய அரண்மனை முழுவதையுமே பீங்கான் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்களாமே?

2024 பெப்ரவரி 5

தனி அறை வேண்டும் என்பதை முழு மனதுடன் ஏற்றுக்கொள்கிறேன். ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை என்பதை ஏற்க முடியவில்லை.

ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தது 1639இல். பிரித்தானியரிடம் இழந்தது 1795இல். இடையே 1782ஆம் ஆண்டு ஜனவரியில் பிரித்தானியரும், அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரரும் இந்தத் துறைமுகத்தைக் கைப்பற்றினார்கள். இத்தனை முற்றுகைகளைக் கண்ட ஊரில், அந்தக் காலத்துப் பீங்கான் ஒன்று விளிம்பு கூடச் சிதறாமல் சமையலறைத் தட்டில் இருந்தால் அது பெரும் பேறுதான். ஆனால் வீட்டுக்கு வீடு இருக்காது.

இதைவிட உறுதியான காரணம் பூவிலேயே இருக்கிறது. நம் வீடுகளில் உள்ள நீலப்பூக்களில் பெரும்பாலானவை தூரிகையால் வரையப்பட்டவை அல்ல, அச்சிடப்பட்டவை. செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, மையேற்றி, மெல்லிய தாளில் எடுத்து, அந்தத் தாளைச் சுட்ட மண் தட்டின்மேல் அழுத்தி, மையை மண்ணில் இறக்கிவிட்டு, அதன்மேல் கண்ணாடி போன்ற மெருகு பூசி மீண்டும் சூளையில் சுடுவார்கள். மெருகுக்கு அடியில் நீல அச்சுப் பதிக்கும் இந்த முறை இங்கிலாந்தில் பெருகியது 1780களுக்குப் பிறகு. அது உலகச் சந்தையை நிறைத்த காலத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி நம் கோட்டையில் இல்லை.

அச்சா, கைவேலையா என்பதைப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி போதும். தூரிகையால் வரைந்த கோடு தொடங்கும் இடத்தில் தடித்தும் முடியும் இடத்தில் மெலிந்தும் இருக்கும். தூரிகை நின்ற இடத்தில் நீலம் தேங்கிக் கறுத்திருக்கும். அச்சில் நிழல்கள் எல்லாம் நுண்ணிய கோடுகளாலும் புள்ளிகளாலும் ஆனவை. விளிம்பைச் சுற்றி மெதுவாகப் பார்த்துக்கொண்டு போனால், தாளின் இரு முனைகளும் சந்தித்த இடம் தெரியும். என்னிடம் உள்ள பீங்கானில் அந்த இடத்தில் ஓர் இலை பாதியோடு நின்றுவிடுகிறது. மறுபாதி இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு பூவின் இதழ் தொடங்குகிறது. நாற்பது ஆண்டுகள் அந்தப் பீங்கானில் பலகாரம் எடுத்துச் சாப்பிட்ட பிறகுதான் இதைக் கண்டேன்.

ஆகவே என்னிடம் இருப்பது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பீங்கான். உங்களிடம் உள்ளதும் அப்படியே இருக்கக்கூடும்.

2024 பெப்ரவரி 9

மேலே எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. பீங்கானின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு இங்கிலாந்து என்று எழுதினேன். பின்பக்கத்தில் புளியும் சாம்பலும் ஏறி இறுகிய கறை இருந்ததால் முத்திரை தெரியவில்லை. நேற்று வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பருத்தித் துணியால் மெல்லத் துடைத்தேன். சிறகுள்ள, பெண் முகமும் சிங்க உடலும் கொண்ட உருவம் ஒன்று படுத்திருக்கிறது. அதைச் சுற்றி எழுத்துகள். ‘மாஸ்ட்ரிக்ட்’ என்ற சொல்லைத் தெளிவாகவே வாசிக்கலாம்.

மாஸ்ட்ரிக்ட் நெதர்லாந்தின், அதாவது ஒல்லாந்தின், தெற்கே உள்ள நகரம். அங்கே பேட்ரஸ் ரெகூ என்பவர் 1834இல் தொடங்கிய தொழிற்சாலை பிற்காலத்தில் அந்தச் சிங்க உருவத்தின் பெயராலேயே ‘ஸ்பிங்ஸ்’ என்று வழங்கப்பட்டது. இங்கிலாந்தின் அச்சு முறையைக் கற்றுக்கொண்டு அவர்கள் செய்த மலிவான, உறுதியான பாத்திரங்கள் கிழக்கிந்தியத் தீவுகள் (இன்றைய இந்தோனேசியா) வரை விற்பனையாயின.

எனவே பீங்கான் ஒல்லாந்தில் செய்யப்பட்டதுதான். ஒல்லாந்தர் காலத்தில் செய்யப்பட்டதன்று. ஒல்லாந்தர் இங்கிருந்து போய் ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்தே அந்தத் தொழிற்சாலைக்கு அத்திவாரம் போடப்பட்டது.

2024 பெப்ரவரி 10

‘அப்படியானால் வீட்டார் சொன்னது பொய்யா, மெய்யா’ என்று கேட்டிருக்கிறார்கள். என் அம்மம்மா இதனை ‘ஒல்லாந்துப் பீங்கான்’ என்றே சொல்வார். அவர் சொன்னது முழு மெய். அவருடைய தகப்பனார் கொழும்பிலிருந்து வாங்கி வந்தபோது கடைக்காரர் நாட்டின் பெயரைச் சொல்லியிருப்பார். அடுத்த தலைமுறையில் ‘ஒல்லாந்து’ ‘ஒல்லாந்தர்’ ஆனது. ஊரிலே ஒல்லாந்தர் என்றால் கோட்டைதானே, அதனால் அதற்கடுத்த தலைமுறையில் பீங்கான் கோட்டைக்குள் போய்விட்டது. கடைசியில் பிழைவிட்டவன் நான். அம்மம்மாவின் சொல்லை நம்பாமல் இங்கிலாந்து என்று எழுதினேன்.

பின்பக்க முத்திரையைப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. 1890இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சுங்கச் சட்டத்தின் விளைவாக, 1891 முதல் அங்கே போகும் பொருள்களில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டியதாயிற்று. ஆகவே முத்திரையில் நாட்டின் பெயர் எழுதப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. ஊரின் பெயர் மட்டும் இருந்தால் முந்தியதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

2024 பெப்ரவரி 18

வாசகர் கேட்ட அரண்மனையைப் பற்றி எழுதுகிறேன். 2017இல் மகளிடம் நெதர்லாந்துக்குப் போயிருந்தபோது, ஒரு நாள் முழுவதும் அதற்காகவே லேவார்டன் நகருக்குப் போனேன். நாட்டின் வடக்கே பிரீஸ்லாந்து மாகாணத்தின் தலைநகர் அது. அருங்காட்சியகத்தின் பெயர் பிரின்சசஹோஃப். ‘இளவரசியின் மாளிகை’ என்று கொள்ளலாம். மரீ லூயிஸ் என்னும் இளவரசி, கணவரை இழந்தவர், 1731இல் இந்த இல்லத்தை வாங்கிக் குடியேறினார். பீங்கான் சேர்ப்பதில் அவருக்கு மிகுந்த விருப்பம். பிற்காலத்தில் பலர் கைக்கு மாறிய அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதியில்தான், படிகள் முடிவின்றி ஏறிக்கொண்டே இருக்கும் ஓவியங்களை வரைந்த எஷர் 1898இல் பிறந்தார். 1917இல் நன்னே ஒட்டேமா என்ற நொத்தாரிசு அதனை அருங்காட்சியகமாக்கினார். ஊரில் உறுதி எழுதிக்கொண்டிருந்த ஒருவர் மட்பாண்டத்தின்மேல் கொண்ட பற்றால் தொடங்கிய இடம் அது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அரசோ பெருஞ்செல்வரோ முன்வரும்வரை அவர் காத்திருக்கவில்லை.

இளவரசியின் உணவறையை அழகாகக் காத்து வைத்திருக்கிறார்கள். ஆயினும் நான் அதிக நேரம் நின்றது வேறிடத்தில். ‘ஸ்வாட்டோ’ என்று வணிகர்கள் பெயரிட்ட சீனப் பெருந்தட்டுகள் அங்கே மிகுதியாக உள்ளன. ஸ்வாட்டோ ஒரு துறைமுகத்தின் பெயர்; உண்மையில் அவற்றைச் சுட்ட சூளைகள் பூஜியன் மாகாணத்து ஜாங்ஜோவில் இருந்தன. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், அரண்மனைக்காக அல்லாமல் தென்கிழக்காசியச் சந்தைக்காகவும் யப்பானுக்காகவும் விரைவாகச் செய்யப்பட்டவை. தட்டு சூளைத் தரையில் ஒட்டாதிருக்க மணல் தூவி அதன்மேல் வைத்திருக்கிறார்கள். வெந்த மெருகில் மணல் பிடித்துக்கொண்டது. அந்தத் தட்டுகளின் அடிவளையத்தில் இன்றும் மணல் பரல்கள் ஒட்டியிருக்கின்றன. நல்லெண்ணெய் தடவிய விரலை மணலில் வைத்து எடுத்தால் எப்படி ஒட்டியிருக்குமோ, அப்படி. பூ வரைந்தவரின் அவசரமும் தெரிகிறது: பறவையின் சிறகை முடிக்காமலே அடுத்த தட்டை எடுத்திருக்கிறார்.

அதைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது நம் டச்சுபே கடற்கரை. வாடைக்காலத்தில் கடல் அடித்து ஓய்ந்த பிறகு நீலக்கோடு போட்ட ஓட்டுத் துண்டுகள் மணலில் கிடக்கும்; சிறுவயதில் நாங்கள் அவற்றைத் தேய்த்துக் கெந்தித் தொட்டு விளையாடச் சில்லாக வைத்திருந்தோம். அவற்றை எடுத்து வைத்திருப்பவர்கள் இருந்தால் கொண்டு வாருங்கள். அறைக்கு அவையே முதல் பொருளாகட்டும்.

2024 பெப்ரவரி 19

மேலே சொன்னதுடன் சேர்க்க வேண்டியது: 2023 பெப்ரவரியில் அதே லேவார்டன் அருங்காட்சியகத்தில் திருடர்கள் புகுந்து 11 சீனப் பொருள்களை எடுத்துச் சென்றார்கள், அவற்றில் 7 உடைந்த நிலையில் வெளியே கண்டெடுக்கப்பட்டன. நூறாண்டு அனுபவமுள்ள இடத்திலேயே அப்படி நடந்தது. நாம் ஓர் அறையைக் கேட்கும்போது பூட்டையும் காவலையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

2024 மார்ச் 2

பீங்கானைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். என் மனத்தில் அதைவிடப் பெரிய இடம் சாடிக்கு.

எங்கள் வீட்டுச் சாடி இடுப்பளவு உயரம். கறுப்புக்கும் தவிட்டு நிறத்துக்கும் இடைப்பட்ட மெருகு. தோளில் நான்கு காதுகள். வாய் சிறியது, தோள் அகலமானது, அடி ஒடுங்கியது. மெருகு அடிவரை போகவில்லை. நான்கு விரற்கடைக்கு முன்னமே நின்று, இரண்டு இடங்களில் மட்டும் கீழே வழிந்து, திரண்டு, துளியாக உறைந்திருக்கிறது. சிறுவயதில் அந்தத் துளிகளை உடைத்தெடுக்க முயன்று அடி வாங்கியிருக்கிறேன். அம்மம்மா அதில் உப்புப் போட்டு வைப்பார்; மாங்காய்க் காலத்தில் உப்பை மாற்றிவிட்டு மாங்காய் போடுவார்.

1990 யூனில் போரால் நாங்கள் வீட்டை விட்டுப் போனபோது நகைப்பெட்டியும் உறுதிகளும் கையில். மற்றவை எல்லாம் வீட்டில். திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவு இல்லை, யன்னல் சட்டங்கள் கூட இல்லை. சமையலறையில் விழுந்து கிடந்த ஓட்டைக் கிளறியபோது சாடியின் தோள் தெரிந்தது. தூக்கிச் செல்ல முடியாத பாரம் என்பதால் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு காது மட்டும் உடைந்திருந்தது. உள்ளே கைவிட்டுப் பார்த்த அம்மம்மா, அடியில் இறுகிக் கிடந்த உப்பைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, ‘நல்லாய்த்தான் இருக்கு’ என்றார். அன்றிரவுச் சமையலுக்கு அந்த உப்புத்தான்.

இந்தச் சாடியை ஒருமுறை பழம்பொருள் வாங்கும் ஒருவர் பார்த்துவிட்டு, காது உடைந்ததால் விலை போகாது என்றார். அவருடைய கணக்கு அவருக்கு. அருங்காட்சியகம் அந்தக் கணக்கில் நடக்கக் கூடாது. லேவார்டனில் மணல் ஒட்டிய தட்டை மணலோடு வைத்திருக்கிறார்கள். இந்தச் சாடியையும் உடைந்த காதோடு, அது எப்படி உடைந்தது என்ற செய்தியோடு வைக்க வேண்டும்.

2024 மார்ச் 3

சாடியைப் பற்றி இன்னும் கொஞ்சம். இப்படிப்பட்ட பெருஞ்சாடிகளுக்கு உலக வணிகத்தில் ‘மர்த்தபான்’ என்று பெயர். பர்மாவில் உள்ள மர்த்தபான் துறைமுகத்தின் வழியாகப் பரவியதால் வந்த பெயர். தென்சீனாவில் சுட்டதும், சியாமில் சுட்டதும், பர்மாவில் சுட்டதும் எல்லாமே அந்தப் பெயரில் போயின. வட இந்தியாவில் இன்றும் ஊறுகாய்ச் சாடிக்கு ‘மர்தபான்’ என்பார்கள். 14ஆம் நூற்றாண்டில் கடற்பயணம் செய்த இபன் பதூதா, தமக்குப் பரிசாகக் கிடைத்த மர்த்தபான்களில் இஞ்சியும் மிளகும் எலுமிச்சையும் மாங்காயும் உப்பிலிட்டு நிறைந்திருந்தன என்று எழுதியிருக்கிறார். கப்பலில் நீண்ட நாள் போகிறவர்களுக்கான கட்டுச்சாதம் அது. அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் என் அம்மம்மா அதே வகைச் சாடியில் அதே மாங்காயைத்தான் போட்டார்.

‘பீங்கான்’ என்ற சொல்லும் கடலோடித் திரிந்த சொல்தான். மலாய் மொழியில் பிங்கான் என்றால் தட்டு, சிங்களத்திலும் ஏறத்தாழ அதே ஒலி, அதே பொருள், பாரசீகத்தில் கிண்ணம், அரபியில் அது ஃபின்ஜான் ஆகிக் காப்பிக் கோப்பையைக் குறிக்கிறது. சாடி என்பதோ சங்க இலக்கியத்திலேயே கள் விளையும் கலமாக வருகிறது. தட்டுக்குக் கடலுக்கு அப்பாலுள்ள சொல்லையும், கலத்துக்குப் பழந்தமிழ்ச் சொல்லையும் நாம் ஒரே அடுக்களையில் புழங்குகிறோம்.

2024 மார்ச் 17

பெப்ரவரி 18ஆம் திகதி எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கடற்கரையில் பொறுக்கிய துண்டுகளைக் கொண்டு வாருங்கள் என்று எழுதியிருந்தேன். அப்படி எழுதியிருக்கக் கூடாது. சட்டத்துறையில் இருக்கும் நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டினார்: 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, நிலத்திலிருந்து கண்டெடுக்கப்படும் தொல்பொருள் அரசுக்கு உரியது, கண்டவர் அறிவிக்க வேண்டும்.

சட்டத்தை ஒரு புறம் வைத்தாலும், துண்டை எடுத்தவுடன் அது கிடந்த இடம் என்ற சாட்சியம் போய்விடுகிறது. யாழ்ப்பாணத்தின் அல்லைப்பிட்டியில் 1977இல் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அகழ்ந்தபோது கிடைத்தவை முழுப் பாத்திரங்கள் அல்ல. பெரும்பாலும் ஓட்டுத் துண்டுகள். அவை வடசோங் அரசமரபுக் காலத்துத் தென்சீனப் பாத்திரங்கள் என்றும், ஆகவே 11, 12ஆம் நூற்றாண்டுகளில் அந்தத் தீவுக் கரைக்குச் சீனச் சரக்கு வந்தது என்றும் சொல்ல முடிந்ததற்குக் காரணம், துண்டுகள் ஒன்றாக, ஓரிடத்தில், கிடந்தபடியே கிடந்ததுதான். ஒவ்வொரு சிறுவனும் சில்லுக்காக ஒவ்வொன்றாக எடுத்துப் போயிருந்தால் அந்த வரலாறு இல்லை. நான் விளையாடிய சில்லுகள் எந்த வரலாற்றின் துண்டுகளோ என்று இப்போது நினைக்க வருத்தமாக இருக்கிறது.

எனவே: கடற்கரையில் கண்டால் கிடந்தபடியே படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை அளவுக்கு வையுங்கள், இடத்தைக் குறித்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். வீட்டில் வழிவழியாகப் புழங்கி வந்த சாடியும் பீங்கானும் வேறு வகை. நான் அறைக்குக் கேட்பது அவற்றையே.

2024 மார்ச் 18

நம் ஊருக்கு அருகே உள்ள சீனக்குடா என்ற பெயரே இங்கே சீனப் பீங்கான் இறங்கியதற்குச் சான்று என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். ஊர்ப்பெயரை மட்டும் வைத்துச் சரக்கை இறக்க முடியாது. துண்டு வேண்டும், அது கிடந்த மண்படை வேண்டும். ஸ்வாட்டோ என்ற பெயர் எத்தனை பேரைத் தவறான துறைமுகத்துக்கு அனுப்பியது என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

2024 ஏப்ரல் 6

முப்பது ஆண்டுகள் இரசாயனவியல் கற்பித்தவன் என்பதால் பீங்கானின் வெள்ளை நிறம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் கேட்ட கேள்விக்கு ஆசையோடு பதில் எழுதுகிறேன்.

சீனரின் உண்மையான பீங்கானில் வெள்ளை, மண்ணிலேயே இருக்கிறது. வெண்களியும் ஒருவகைப் பாறைத் தூளும் கலந்து ஏறத்தாழ 1,300 பாகை செல்சியசில் சுட்டால், உடல் முழுவதும் பாதி கண்ணாடியாகிவிடுகிறது. வெளிச்சத்துக்குப் பிடித்தால் மறுபக்கத்து விரலின் நிழல் தெரியும், தட்டினால் மணி போல ஒலிக்கும். ஐரோப்பியருக்கு இந்த மருமம் பிடிபட 18ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. சக்சனியின் மைசன் தொழிற்சாலை 1710இல்தான் தொடங்கியது. அதற்கு முன் ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தார் என்ன செய்தார்கள்? மஞ்சள் நிற மண்ணைச் சுட்டு, வெள்ளீய ஒட்சைட்டுக் கலந்த மெருகால் மூடி, வெள்ளையாக்கி, அதன்மேல் நீலம் தீட்டினார்கள். 1644இல் மிங் ஆட்சி வீழ்ந்து சீனச் சூளைகள் தடுமாறியபோது, ஒல்லாந்தக் கொம்பனி யப்பானின் அரித்தாவுக்குப் போய்ப் பீங்கான் வாங்கியது. டெல்ஃப்ட் வீட்டுச் சந்தையைப் பிடித்துக்கொண்டது. டெல்ஃப்ட் தட்டின் விளிம்பில் மெருகு சிறு செதில்களாக உதிர்ந்து மஞ்சள் மண் தெரியும். உண்மையான பீங்கானில் அப்படி உதிராது.

இன்று அந்த வெள்ளீயத்தின் வேலையைப் பெரும்பாலும் செய்வது சிர்க்கன் என்னும் கனிமம். அது எங்கே இருக்கிறது? நம் மாவட்டத்தின் வடகோடியில், புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணலில். இல்மனைட்டும் ரூட்டைலும் சிர்க்கனும் கலந்த அந்த மணலை எடுப்பதற்காகவே 1957இல் அரச கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. மாணவர்களைப் புல்மோட்டைக்கு அழைத்துச் சென்றபோது, ஒரு பிடி மணலைத் தாளில் கொட்டி, தாளுக்கு அடியில் காந்தத்தை இழுத்துக் காட்டுவேன். கரிய துகள் காந்தத்தோடு போகும், வெளிறிய துகள் நின்றுவிடும். நின்ற துகளில் ஒரு பங்குதான் தரையோட்டையும் கழுவுதொட்டியையும் வெள்ளையாக்குகிறது. அறையில் ஒரு கண்ணாடிக் குவளை நிறையப் புல்மோட்டை மணலும் இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

2024 மே 11

கட்டடத்தைப் போய் மீண்டும் பார்த்து வந்தேன். ஒல்லாந்தர் கடற்படை ஆணையாளரின் இல்லம் என்று அழைக்கப்படும் இரண்டு மாடிக் கட்டடம் அது. மீளமைத்து, கடல்சார் மற்றும் கடற்படை வரலாற்று அருங்காட்சியகமாக 2013இல் திறந்தார்கள். தடித்த சுவர்களும் தூண்கள் வரிசையாக நிற்கும் விறாந்தையும் இருப்பதால், கச்சான் காற்று அடிக்கும் இந்த மே மாதத்து வெக்கையிலும் உள்ளே நின்று மூச்சுவிட முடிகிறது. துறைமுகத்தைப் பார்த்த அந்த விறாந்தையில் நின்றால், கப்பலில் வந்த பொருளைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் ஊரில் இல்லை என்று தோன்றும்.

ஆனால் அங்கே நின்றபோதுதான் ஒரு கவலை பிடித்தது. துறைமுகம் அவ்வளவு அருகில் என்றால் உப்புக்காற்றும் அவ்வளவு அருகில். நுண்துளை இல்லாமல் வெந்த சீனப் பீங்கானை உப்பு ஒன்றும் செய்யாது. என் மாஸ்ட்ரிக்ட் பீங்கான் போன்றவற்றின் உடல் நுண்துளை உள்ள மண். மெருகில் மயிர்க்கோடு போல வெடிப்பு விழுந்திருந்தால் அதன் வழியே ஈரம் உப்போடு உள்ளே போகும். காற்று உலரும்போது உள்ளே உப்புப் பளிங்காகி விரியும். மெருகைத் தள்ளி உதிர்க்கும். வாடையில் நனைந்து கச்சானில் காய்வது நம் ஊரின் ஆண்டுச் சுழற்சி. மண்பாத்திரத்துக்கு இதைவிடக் கொடிய சுழற்சி வேறில்லை. உப்பு ஊறிய சாடிக்கும் இதே கவனம் வேண்டும். நல்ல நீரில் நாட்கணக்காக ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, உப்பை வெளியேற்றிய பிறகே வைக்க வேண்டும்.

ஆகவே ஓர் அறை என்று கேட்டதை மாற்றிக் கேட்கிறேன்: கடலைப் பார்க்காத பக்கத்தில் ஓர் அறை, இறுக மூடும் கண்ணாடிப் பேழைகள், பாரமான சாடிகள் தரையோடு ஒட்டிய மேடையில்.

2024 மே 12

என் சாடியிலிருந்து உப்பை வெளியேற்றப் போவதில்லை. நேற்று எழுதியது பொதுவாகச் சரியான முறைதான், ஆனால் இரவெல்லாம் யோசித்தேன். சாடியின் உடல் நன்றாக வெந்த கல்லுக்கு நிகரானது, உப்பு அதனுள் ஊறாது. வெளியில் படிந்திருப்பதைத் துடைத்தால் போதும். அடியில் ஒட்டியிருக்கும் அந்தக் கடைசி உப்பு அங்கேயே இருக்கட்டும்.

2024 யூன் 8

உடைந்து ஒட்டிய பீங்கான்களை யாரும் பார்க்க விரும்பமாட்டார்கள் என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். அவர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பார்க்க வேண்டியதே அந்தப் பீங்கான்தான்.

இரண்டாக உடைந்த தட்டை மூன்று பித்தளைக் கொளுவிகளால் இணைத்திருக்கிறார்கள். பசை இல்லாத காலத்து வேலை அது. உடைந்த கோட்டின் இருபுறமும், தட்டின் தடிப்பில் பாதிவரை மட்டும், வைர முனையுள்ள துறப்பணத்தால் துளையிடுவார்கள். பித்தளைக் கம்பியைப் பட்டைபோலத் தட்டி, இரு முனைகளையும் மடித்து, சூடாக்கித் துளைகளில் இறக்குவார்கள். ஆறும்போது உலோகம் சுருங்கி இரு துண்டுகளையும் இழுத்துப் பிடிக்கும். துளை மறுபக்கம் வராததால் முகத்தில் கோடு மட்டுமே தெரியும், கொளுவி தெரியாது. மூன்று கொளுவிகளில் நடுவில் உள்ளது சற்றுச் சரிந்திருக்கிறது. அதனருகே கைவிட்ட துளை ஒன்றும் இருக்கிறது. முதல் துளையிட்ட இடம் பிழைத்து, விரற்கடை தள்ளி மீண்டும் இட்டிருக்கிறார்.

சகோதரி, இதை எந்தக் காரணம் கொண்டும் கழற்றிப் புதுப் பசையால் ஒட்ட வேண்டாம். புளி போட்டு மினுக்கவும் வேண்டாம்.

2024 யூன் 29

அருங்காட்சியகத்துக்கு அனுப்புவதற்காக, ஊரிலுள்ள பாத்திரங்களின் பட்டியல் ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். உரிமையாளரின் பெயர் எழுதப்படாது. உயரம், விட்டம், முத்திரை, உடைவு, அதில் என்ன வைத்தார்கள், யார் சொன்னது, இவ்வளவுதான். முதல் பதிவு எங்கள் வீட்டுச் சாடி: ‘கருந்தவிட்டு மெருகு, நான்கு காது, ஒன்று உடைந்தது, உப்பும் மாங்காயும் போட்டது, 1990இல் இருந்த இடத்திலேயே இருந்தது, உள்ளே உப்பு உள்ளது, கழுவ வேண்டாம்.’

ஒன்பது வீடுகளின் பதிவுகள் சேர்ந்துவிட்டன. அவற்றில் சிங்க முத்திரை இரண்டு. கையால் வரைந்த நீலம் ஒன்றே ஒன்று. முதலில் கேள்வி கேட்ட வாசகரின் அம்மம்மா வீடு மூதூரில் என்று நேற்றுத்தான் தெரிந்தது. பீங்கானைக் கவிழ்த்துப் பார்க்க வீட்டார் சம்மதித்திருக்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை காலை புறப்படுகிறேன். பூதக்கண்ணாடியும் அளவுநாடாவும் பருத்தித் துணியும் பையில் எடுத்து வைத்தாயிற்று.